ஐந்தாம் ரீலில் அக்காவின் குரல்

அத்தியாயம் 14

அக்கா மூன்று டிக்கெட் வாங்கிவிட்டாள் என்ற இடத்தில் போன வாரம் அவனை நிற்க வைத்துவிட்டு வந்தோம். அவன் அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறான். சாப்பிட்டான், குளித்தான், வேலைக்குப் போனான். மனசு மட்டும் அந்த மூன்று டிக்கெட்டில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். அவன் சினிமாவுக்கு ஒலி சேர்க்கிறவன். மனைவி கணக்கு டீச்சர். டீச்சருக்கு மூன்று முறை கரு கலைந்து, இனி வேண்டாம் என்று டாக்டர்கள் கைவிரித்தபோது, "என் வயிறு சும்மாதானே கிடக்கு, பத்து மாசம் யாராவது இருந்துட்டுப் போகட்டும்" என்று சொன்னவள் அவனுடைய அக்கா. கணவனை இழந்தவள். மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறவள். ஹாஸ்டலில் படிக்கிற ஒரு பெண்ணுக்கு அம்மா. இவர்களுடைய கருவைச் சுமந்து அவள் பெற்றுக் கொடுத்த குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. ஸ்கேனில் பட்டாணி அளவு தெரிந்த நாளில் பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

பட்டாணி மூன்று வாரம் முந்திக்கொண்டு வந்தாள். டீச்சர் அன்றைக்குப் பரீட்சைத் தாள் திருத்த வெளியூர் போயிருந்தாள். பிரசவ அறைக்குள் போகும் முன் அக்கா தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். உள்ளே நான் எப்படிக் கத்துவேனோ எனக்கே தெரியாது, அதை நீ கேட்க வேண்டாம், கீழே போய் நில் என்றாள். அவன் சரி என்று ஒரு மாடி இறங்கினான். பிறகு, குழந்தையின் முதல் அழுகையையாவது டீச்சருக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பையில் எப்போதும் கிடக்கும் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறிவந்து கதவோரம் நின்றான்.

நாலரை நிமிடம் பதிவாயிற்று. கடைசி இருபது நொடி பட்டாணியின் அழுகை. அதை மட்டும் வெட்டி எடுத்து டீச்சருக்குக் கொடுத்தான். அவள் அதைக் கேட்டுக் கேட்டு அழுதாள். மீதி முழுக்க அக்கா. அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரிகூடப் பேசத் தெரியாத அக்கா, கதவு அதிரக் கத்தியிருந்தாள்.

"எடுக்காதீங்க. வெளிய எடுக்காதீங்க. என்கிட்டயே இருக்கட்டும்."

அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. அழிக்கவும் இல்லை. இந்த இரண்டில் எது பெரிய தப்பு என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. மூன்றாவதாக ஒன்று செய்தான் பாருங்கள், அதில் சந்தேகமே கிடையாது.

ஒலி சேர்க்கிற இடத்தில் 'டம்மி' என்று ஒரு வழக்கம் உண்டு. சரியான சத்தம் வந்து சேரும்வரை அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று கையில் அகப்பட்டதை வைத்து நிரப்புவார்கள். இடி விழ வேண்டிய இடத்தில் லாரிக் கதவு சாத்தும் சத்தம் கிடக்கும். கடைசியில் எல்லாம் மாறிவிடும். அவன் கைக்கு வந்த படமோ வாடகைத் தாய் பற்றிய நகைச்சுவைப் படம். ஐந்தாம் ரீலில் பிரசவம். டப்பிங் பேசுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. காட்சி மருத்துவமனை வராந்தாவில் நடக்கிறது, பூட்டிய கதவுக்கு வெளியே. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தால் போதும். அவன் அந்தப் பழைய பதிவைத் திறந்தான். யாரென்று தெரியாமல் இருக்க சுருதியை ரெண்டு படி ஏற்றினான். டம்மிதானே என்று வைத்தான்.

டைரக்டர் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. இதை மாற்றினால் படத்தைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடு என்றார். டம்மி சார், மாற்றிவிடுவேன் என்று இவன் இரண்டு முறை சொன்னான். மூன்றாவது முறை சொல்லவில்லை.

அந்தப் படத்தின் முதல் நாள், முதல் காட்சிக்குத்தான் அக்கா டிக்கெட் வாங்கியிருந்தாள்.

---

போக வேண்டாம், படம் சுமார்தான் என்று காலையில்கூடச் சொல்லிப் பார்த்தான். நாங்கள் கதைக்கா வருகிறோம், உன் பெயர் திரையில் வரும் இல்லையா, அதைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவோம் என்றாள் அக்கா. டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டிருந்தாள். பட்டாணியைக் கீழ்வீட்டில் விட்டாயிற்று. அக்கா நடுவில், டீச்சர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

படம் சுமாராகக்கூட இல்லை. ஒரு முரட்டு ஸ்டன்ட் நடிகை. குழந்தை என்றாலே எரிந்து விழுகிறவள். பேங்க் மேனேஜர் தோழிக்காகப் பிள்ளை சுமக்கச் சம்மதிக்கிறாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுவரேறிக் குதிக்கிறாள், மாங்காய்க்குப் பதில் வில்லனைக் கடிக்கிறாள். வாடகை, அட்வான்ஸ், காலி செய்வது என்று வீட்டுத் தரகர் பேச்சையே இரண்டு மணி நேரமும் வயிற்றுக்கு ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிரிப்புப் படத்தில் சிரிப்பு வராதபோது தியேட்டருக்கு என்று ஒரு சத்தம் உண்டு. இருக்கை கிரீச்சிடும். பாப்கார்ன் காகிதம் நொறுங்கும். யாரோ ஒருவர் இருமுவார், அதைப் பார்த்து இன்னொருவர் இருமுவார். அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, தன் படம் ஓடாமல் போவதற்காகச் சந்தோஷப்பட்டான். இடைவேளையில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். அக்காவையும் கிளப்பிவிடலாம் என்று பார்த்தான். உன் பெயர் கடைசியில்தானே வரும் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தாம் ரீல் வந்தது. வராந்தா. கதவு. அந்தக் குரல்.

முதலில் ஒருத்தர் சிரித்தார். பிறகு அந்த வரிசை. "என்கிட்டயே இருக்கட்டும்" என்ற இடத்தில் மிச்சமிருந்த கூட்டம் மொத்தமும் குலுங்கிச் சிரித்தது. பின்வரிசையில் ஒருவன் அதே மாதிரி கத்திக் காட்டினான். அதற்கும் சிரித்தார்கள். இரண்டு மணி நேரப் படத்தில் ஜனங்கள் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரே இடத்தில்தான்.

டீச்சரும் சிரித்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். உடுத்திய துணியால் கண்ணாடி துடைக்கிறவர்களைக் கடையில் பிடிபிடியென்று பிடிக்கிறவள், தன் சட்டைக் கையாலேயே அதைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். படம் முடிந்து அவன் பெயர் மேலே ஏறிப் போனபோதும் அதைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்தில் இருந்தவனுக்கு வாயைத் திறக்க முடியவில்லை. தேள் கொட்டிய திருடன் எங்கே போய்க் கத்துவான்?

வெளியே வந்ததும் கடை திறக்க வேண்டும் என்று அக்கா பஸ் ஏறிவிட்டாள். டீச்சர்தான் பேசிக்கொண்டே வந்தாள்.

"படம் குப்பை. அந்தக் கத்தல் மட்டும் பிரமாதம். யாரு குடுத்தது?"

"டப்பிங்ல ஒருத்தங்க" என்றான் அவன்.

---

டீச்சரையும் காரையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மூடிக் கிடந்த ஒரு கடை வாசலில் நின்று டைரக்டரைக் கூப்பிட்டான். அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றித் தருகிறேன், நாளைக் காட்சிக்குள் புதுப் பிரதி அனுப்பிவிடலாம், என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொன்னான். டைரக்டர் பாவம், காலையிலிருந்து அடி வாங்கிக்கொண்டிருந்தவர். பிடித்துக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே கொம்பு அந்தக் குரல். எல்லா ஊரிலும் அங்கேதான் சிரிக்கிறார்களாம். அதை மட்டும் முப்பது நொடி வெட்டி, மத்தியானமே எல்லா போனுக்கும் அனுப்பிவிட்டார்களாம்.

"யாருய்யா அந்தம்மா? அடுத்த படத்துல அவங்களையே நடிக்க வச்சிருவோம்."

அவன் போனை வைத்தான். கண்ணாடிக் கடைக்கு நடந்தான்.

அக்காவின் கடை ஒரு அறை அளவுதான். முன்பக்கம் பிரேம்கள் மாட்டிய சுவர், நடுவில் கவுன்ட்டர், அதற்குப் பின்னால் லென்ஸின் விளிம்பைத் தேய்க்கிற மெஷின். பெரியவர் ஒருவர் ஒவ்வொரு பிரேமாகப் போட்டுச் சுவர்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பவர் இல்லாத பிரேமில் அவருக்குத் தன் முகம் தெரியாது, கண்ணாடி இருக்கிற திசைதான் தெரியும். ஆனாலும் தலையைத் திருப்பித் திருப்பி ரசித்துக்கொண்டிருந்தார்.

பேச வேண்டும் என்றான் அவன். அக்கா நிமிரவில்லை.

"பேசு. கைக்குத்தான் வேலை."

மெஷினைப் போட்டாள். லென்ஸ் கல்லில் பட்டுக் கிரீச்சென்றது. அவன் மெதுவாகச் சொன்னான்.

"கேக்கல" என்றாள்.

இன்னொரு முறை சொன்னான்.

"கேக்கலடா."

மூன்றாவது முறை கத்த வேண்டியதாயிற்று. "அது உன் குரல்தான்க்கா! நான்தான் வச்சேன்!"

சொல்லும்போதே அவள் மெஷினை நிறுத்திவிட்டாள். அவனுடைய கத்தல் மட்டும் கடைக்குள் தனியாக நின்றது. பெரியவர் திரும்பிப் பார்த்தார். தெருவில் போன பெண் ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள். அவனுக்குக் காது மடல் வரை சூடு ஏறியது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தான்.

"என் குரல் எனக்குத் தெரியாதா? கொஞ்சம் கீச்சுன்னு ஆக்கிட்டா வேற ஆளாயிடுவேனா?"

அவன் டம்மியைப் பற்றிச் சொன்னான். தொண்டை கட்டிய பெண்ணைப் பற்றி, தேதியைப் பற்றி, டைரக்டரைப் பற்றிச் சொன்னான். வாயை விட்டு வெளியே வந்ததும் ஒவ்வொரு காரணமும் சுருங்கிப் போயிற்று. அக்கா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டே லென்ஸைப் பிரேமில் பொருத்தித் திருகாணியை முடுக்கினாள்.

"நான் உன்னைக் கீழ போகச் சொன்னேன்ல?"

"போனேன்க்கா. திரும்பி வந்தேன்."

"எதுக்கு?"

"அவளுக்காக. குழந்தை அழறதை அவ கேக்கணும்னு."

"சரி. அது அவளுக்கு. சினிமாவுக்குக் குடுத்தது யாருக்காக?"

அவனிடம் அதற்கு நல்ல பதில் இல்லை. உண்மையான பதில்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் அக்காவின் முகத்தை இனிமேல் பார்க்க முடியாது என்று தெரிந்தும் சொன்னான்.

"நல்லா இருந்துச்சுக்கா. பதினஞ்சு வருஷத்துல அப்படி ஒரு குரல் எனக்குக் கிடைச்சதே இல்ல."

அக்கா திருப்புளியைக் கீழே வைத்தாள். பிறகு பேசியபோது குரல் எப்போதும் போல, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது. வலியில் என்னென்னவோ உளறினேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது வலியில் வந்தது இல்லை என்றாள். அன்றைக்கு அந்த நேரத்தில் அது நிஜம். மறுநாள் டீச்சர் ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டபோது, கொடுத்ததும் நிஜம். இரண்டும் அவளுக்குள்ளேயே இருந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

"எத்தனையோ பேர் சிரிச்சாங்க, போகட்டும். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாடா. அவளுக்குத் தெரியாது. அதான் எனக்குத் தாங்கல."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்புறம் வரட்டுமா என்று கேட்டார். உட்காருங்கள், உங்களுடையதுதான் கையில் இருக்கிறது என்று அக்கா சொன்னாள். அவர் உட்கார்ந்தார். போட்டுப் பார்த்த பிரேமைக் கழற்றக்கூட மறந்துவிட்டார்.

"இன்னைக்குச் சாயந்திரம் நான் வரல" என்றாள் அக்கா. "நீ அவகிட்ட சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. கேட்டுட்டு அவ கூப்பிட்டா வரேன். கூப்பிடலைன்னா, பட்டாணிக்கு நான் தூரத்து அத்தையா இருந்துட்டுப் போறேன்."

"அக்கா..."

"எங்கேயோ கேட்டு அவளா கண்டுபிடிச்சதா மட்டும் இருக்கக் கூடாது. உன் வாயால சொல்லு."

தினமும் சாயந்திரம் பட்டாணியைப் பார்க்க ஆறு மணிக்கு வந்து ஏழு மணிக்குப் போவது அவளுடைய வழக்கம். ஒன்றரை வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

---

சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்குப் புறப்பட்டான். ஆனால் நேராகப் போகவில்லை. பூங்காவை ஒரு சுற்று சுற்றினான். முதல் வாக்கியத்தைப் பல விதமாக மாற்றி மாற்றிப் பார்த்தான். ஒன்றில் அக்காவைப் பற்றி ஆரம்பித்தான், ஒன்றில் படத்தைப் பற்றி, ஒன்றில் மன்னிப்பிலிருந்து. ஒவ்வொன்றிலும் தன்னைக் கொஞ்சம் நல்லவனாக்குகிற ஒரு வார்த்தை எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பிடுங்கிப் போடுவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது.

அந்த அரை மணி நேரம்தான் கெடுத்தது.

கதவைத் திறந்தபோது டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பட்டாணி. கையில் போன். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லோரும் அந்த முப்பது நொடியை அனுப்பிச் சிரிக்கிறார்களாம். உன் வீட்டுக்காரர் படமாமே என்று கேட்டிருக்கிறார்களாம். அவனைப் பார்த்ததும், இதைப் பார், படம் ஓடாவிட்டாலும் இது ஓடும் என்று போனைத் தட்டினாள்.

குரல் எழுந்தது.

பட்டாணி தலையைத் தூக்கினாள். போனைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள்.

"அத்த" என்றாள்.

டீச்சர் சிரித்தாள். இல்லைடி கண்ணு, இது சினிமா என்று சொல்லி இன்னொரு தடவை போட்டாள். பட்டாணி மடியிலிருந்து இறங்கினாள். தத்தித் தத்தி நடந்து போய், அக்கா வருகிற நேரத்தில் தட்டுகிற மாதிரி, கதவைக் கையால் தட்டினாள்.

"அத்த. அத்த வா."

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. போனைத் திரை கீழே பார்க்கும்படி தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மூன்றாம் முறை போட்டாள். படம் இல்லாமல் குரல் மட்டும் கேட்டது. எடுக்காதீங்க. வெளிய எடுக்காதீங்க.

"இது யாரு?"

பூங்காவில் தயார் செய்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. "அக்கா" என்றான்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"முழுசா இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துட்டு வா."

ஒலிப்பதிவுக் கருவியையும் ஹெட்போனையும் கொண்டுவந்து கொடுத்தான். அவளே மாட்டிக்கொண்டாள். நாலரை நிமிடம். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் எந்த நொடியில் எது வருகிறது என்று மனப்பாடமாகத் தெரியும். அவள் முகத்தில் அதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்த்தான். இரண்டாவது நிமிடத்தில் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கடைசி இருபது நொடி, அவள் எத்தனையோ முறை கேட்டு அழுத அந்த இருபது நொடி வந்தபோது, கண்ணை மூடிக்கொண்டாள். இந்த முறை அழவில்லை.

ஹெட்போனைக் கழற்றினாள்.

"எனக்கு ஏன் வெட்டிக் குடுத்த?"

"நீ பயந்துடுவேன்னு."

"எதுக்கு? திருப்பிக் கேட்டுடுவாங்கன்னா?"

அதற்காகத்தான் என்பது அவளுக்குத் தெரியும். உள்ளூர அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது என்பது அடுத்து அவள் சொன்னதில் அவனுக்குத் தெரிந்தது.

"அண்ணி தினம் ஏழு மணி ஆனா கிளம்பிடுவாங்க. நான் ஒரு நாள்கூட இருங்கன்னு சொன்னதில்ல. நேரமாச்சுன்னு அவங்க சொல்றதுக்கு முன்னாடியே பட்டாணியை வாங்கிக்குவேன்." சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "இன்னைக்கு அவங்க பக்கத்துல உட்கார்ந்து சிரிச்சேன். யாருன்னு கேட்டதுக்கு நீ டப்பிங்னு சொன்ன."

"சொல்லத்தான் வந்தேன்."

"எப்போ?"

கதவைத் தட்டித் தட்டிக் களைத்துப்போன பட்டாணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் எழுந்து குழந்தையின் பையில் துணியை வைத்தாள், பால் பாட்டிலை வைத்தாள். சாவியை எடுத்தாள்.

எங்கே என்று கேட்டான். அக்கா இன்று வரமாட்டாள், நீ கூப்பிட்டால்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறாள் என்றும் சொன்னான். அதைச் சொல்வதற்கே அவனுக்குக் கூசியது. அம்மா வீட்டுக்குப் போய்விடாதபடி அவளை அக்கா பக்கம் தள்ளப் பார்க்கிறோம் என்று அவனுக்கே விளங்கியது.

"நீ வராத" என்றாள் டீச்சர். பட்டாணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

கார் கிளம்பியது. அதன் சைலன்சர் ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருக்கிறது, தெருக்கோடிவரை கேட்கும். தெருக்கோடியில் இடது பக்கம் திரும்பினால் அக்காவின் கடை. வலது பக்கம் திரும்பினால் டீச்சரின் அம்மா வீட்டுக்குப் போகிற சாலை. எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எட்டிப் பார்க்கவே வேண்டாம். அவன் காதுக்கு ஒரு நொடி போதும்.

சத்தம் தெருக்கோடியை நெருங்கியது. கேட்கும் உரிமை தனக்கு இல்லாத ஒன்றை இன்னொரு முறை கேட்டுவிடப் போகிறோம் என்று அவனுக்குத் தோன்றியது.

அவன் ஜன்னலைச் சாத்தினான்.